அப்பாவைப் பார்க்க ஓர் அனுமதிக் கடிதம்

என் அப்பாவின் சமாதிக்குப் போய்வர அனுமதி கேட்டு ஒருவர் என் வீட்டுக்கு வந்தபோது எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, நெகிழ்ச்சியும் அல்ல. பொறாமை. ஐம்பத்திரண்டு வயதில், செத்து எட்டு வருடமான மனிதரை முன்னிட்டு ஒருவன் பொறாமைப்படலாம் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

வந்தவர் அப்பாவின் டிரைவர். இப்படிச் சொன்னால் அப்பா கார் வைத்திருந்தவர் என்று நினைப்பீர்கள். அப்பா கண்டக்டர். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் இருபத்தாறு வருடம் டிக்கெட் கிழித்தார். அதே பஸ்ஸை அதே இருபத்தாறு வருடம் ஓட்டியவர் இவர். முதலாளி மாறினார், பஸ் இரண்டு முறை மாறியது, இந்த இரண்டு பேர் மாறவில்லை.

"வேற ஒண்ணுமில்லீங்க தம்பி. அண்ணனைப் பாக்க வுட மாட்டேங்கறாங்க. நீங்க ஒரு லெட்டர் குடுத்தா வுடுவாங்களாம்" என்றார். கையில் நான்காக மடித்த ஒரு தாள். மடிப்பைப் பிரித்து, சட்டையில் ஒரு தடவு தடவி, என்னிடம் நீட்டினார்.

அண்ணன் என்றால் அப்பா. உயிரோடு இருந்தபோதும் அண்ணன், இப்போதும் அண்ணன்.

விஷயம் இதுதான். அரியலூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் சொந்த ஊரின் பொது மயானத்தில் முள்ளை வெட்டி, சுற்றுச்சுவர் எழுப்பி, கேட் போட்டு, வாட்ச்மேன் வைத்துவிட்டார்கள். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் அந்த வாட்ச்மேனுக்குத் தொந்தரவு வரும். அவர் நல்ல மனிதர். காரணமும் நியாயமானதுதான். சிலர் செத்தவர் மேல் சிமெண்டு மண்டபம் கட்டி, பக்கத்துச் சமாதியையும் சேர்த்து வளைத்துப்போட்டார்கள். சிலர் பாட்டிலோடு வந்து உயிரோடு இருப்பவர்களுக்காக அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தார்கள். ஆகவே இனி புதைத்தவரின் வாரிசு மட்டும் உள்ளே போகலாம். வாரிசு ஒரு தடவை நேரில் வந்து, இதுதான் எங்களுடைய சமாதி என்று அடையாளம் காட்ட வேண்டும். அதற்கு ஒரு நம்பர் எழுதுவார்கள். மற்றவர்கள் யாராவது வரவேண்டுமென்றால் வாரிசு எழுதிக் கொடுக்க வேண்டும்.

தாளைப் படித்துவிட்டு, "நீங்க எப்பப் போனீங்க அங்க?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம போவேங்க."

"எந்த ஞாயித்துக்கெழம?"

அவர் புரியாமல் பார்த்தார். "எல்லா ஞாயித்துக்கெழமையுந்தான் தம்பி. மழை பேஞ்சா மட்டும் போறதில்ல. கரிசல் மண்ணு, காலை வாங்கிக்கும்."

எட்டு வருடத்து ஞாயிறுகளை மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். பிறகு என் கணக்கை நினைத்தேன். அடக்கம் செய்த அன்று ஒரு தடவை, மறுநாள் பால் தெளிக்க ஒரு தடவை. அவ்வளவுதான். எங்கள் வகையறாவில் புதைப்பதுதான் வழக்கம். புதைத்த பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காமலிருப்பதும் வழக்கம். குடத்தை உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போ என்றார்கள். எனக்குச் சொல்லப்பட்ட சடங்குகளில் நான் குறையே வைக்காமல் செய்தது அதுதான். மற்றபடி அமாவாசைக்கு அமாவாசை காக்கைக்குச் சோறு வைக்கிறேன். அப்பா அதன் வழியாக என்னோடு தொடர்பில் இருக்கிறார் என்று நம்பியிருந்தேன். இப்போது பார்த்தால் அவர் எட்டு வருடமாக ஞாயிறுதோறும் வேறொருவரை நேரிலேயே சந்தித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"பாக்கலாங்க" என்றேன்.

நான் அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். இந்தச் சொல்லைச் சொல்வதில் முப்பது வருடப் பயிற்சி உண்டு. அவருக்கு அந்தப் பயிற்சி இல்லாததால் நான் பார்ப்பேன் என்று நம்பி, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

இந்தப் பொறாமைக்கு வயது நாற்பது. வீட்டில் அப்பா பேச்சைச் சில்லறை போலத்தான் கொடுப்பார்; அதுவும் கேட்டால். "சாப்டியா", "படிச்சியா", "லைட்ட அணை." இந்த மூன்று வாக்கியங்களைக் கொண்டு அவர் இரண்டு பிள்ளைகளை வளர்த்துவிட்டார். பன்னிரண்டு வயதில் ஒருநாள் அவர் பஸ்ஸிலேயே அரியலூருக்குப் போனேன். கடைசி சீட்டில் உட்கார்த்திவைத்தார். பேரளி தாண்டியதும் கூட்டம் குறைந்தது. அப்பா முன்னால் போய், டிரைவர் பக்கத்தில் எஞ்சின் மூடியின் மேல் சாய்ந்து நின்றார். டிரைவர் திரும்பாமல் என்னவோ சொன்னார். அப்பா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தோல்பை குலுங்க, உடம்பை மடக்கிச் சிரித்தார். அப்பாவுக்கு அத்தனை பல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்த ஆள் என்ன சொன்னார் என்பதை இன்றுவரை நான் கேட்கவில்லை. நகைச்சுவை எழுதிப் பிழைக்கலாம் என்று நான் பிற்பாடு முடிவெடுத்ததற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். முப்பது வருடமாக எழுதுகிறேன். என் கட்டுரைகளை அப்பா படித்திருக்கிறார். "ம், வந்துருக்கு" என்பார்.

அம்மாவுக்கும் இது தெரியும். பஸ் வேலை முடிந்து இருவரும் சேர்ந்து வீட்டுக்கு வந்தால், "உங்கப்பாவோட மூத்த சம்சாரம் வருது பாரு, இன்னொரு தம்ளர் எடு" என்பாள். அவள் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் தம்ளரை ணங்கென்று வைத்தேன். அவரை இன்றுவரை எந்த முறை சொல்லியும் நான் கூப்பிட்டதில்லை. மாமா, சித்தப்பா எதுவும் கிடையாது. "இந்தாங்க" என்பதோடு சரி.

மூன்று ஞாயிறுகள் போயின. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்காம் வாரம் என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"டிரைவர் போன் பண்ணாரு. மூணு வாரமா கேட்டுக்கு வெளியவே நின்னுட்டு வராராம்."

"நிக்கச் சொன்னது யாரு?"

"நீங்களும் போறதில்ல, போற மனுசனையும் வுடறதில்ல. இதுக்குப் பேரு என்னன்னு உங்க புஸ்தகத்துல போட்டிருக்கா?"

போட்டிருந்தது; பல பெயர்களில். மரணத்தைப் பற்றியும் துக்கத்தைப் பற்றியும் என் அலமாரியில் ஒரு தட்டு நிறையப் புத்தகம் இருக்கிறது. எல்லாவற்றையும் அடிக்கோடு போட்டுப் படித்தவன் நான். என் அப்பா எந்த இடத்தில் படுத்திருக்கிறார் என்பதை மட்டும் அவற்றில் ஒன்றும் சொல்லவில்லை. இது அடுத்த ஞாயிறன்று தெரியவந்தது.

கேட் முன்னால் அவர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, தேய்த்த சட்டை, கையில் ஒரு கொத்து அரளி. வாட்ச்மேன் நோட்டைப் பிரித்தார்.

"வாரிசு மட்டும் உள்ள வாங்க சார். இடத்தைக் காமிச்சதும் நம்பர் போட்டுர்றேன். அப்பறம் லெட்டர் குடுத்தீங்கன்னா இவரையும் வுடலாம்."

"நீங்க இங்கயே இருங்க" என்று அவரிடம் சொன்னேன். அதைச் சொன்னபோது எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. நாற்பது வருடத்தில் முதல் தடவையாக நான் உள்ளே, அவர் வெளியே.

உள்ளே போய்ப் பார்த்தால் ஓர் ஏக்கருக்கு மண்மேடுகள். பெரும்பாலானவற்றில் பெயர் கிடையாது. கரிசல் மண் கோடையில் வெடிக்கும், மழையில் ஊறும், போட்டதைப் போட்ட இடத்தில் வைத்திருக்காது. எட்டு வருடத்தில் மேடுகள் நகர்ந்து, அமுங்கி, ஒன்றோடொன்று கலந்திருந்தன. நான் பால் தெளித்த அன்று பக்கத்தில் ஒரு வேலமரம் இருந்தது. இப்போது ஒரு மரமும் இல்லை. முள்ளை வெட்டியவர்கள் அதையும் வெட்டிவிட்டார்கள். உள்ளே வரும் வழியும் இப்போது வேறு பக்கம் இருந்தது.

"எதுங்க சார்?" என்றார் வாட்ச்மேன்.

வாரிசு தயங்கக் கூடாது. சற்றுத் தள்ளி ஒரு மேடு சுத்தமாக, புல் செதுக்கி, ஓரத்தில் சோற்றுக்கற்றாழை நட்டு இருந்தது. எட்டு வருடம் ஒருவர் வாராவாரம் வந்து பார்த்துக்கொண்டது என்றால் அது இதுவாகத்தான் இருக்கும் என்று தர்க்கரீதியாக முடிவுசெய்தேன். அதன் முன்னால் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். கையைக் கூப்பினேன். "சாப்டியா, படிச்சியா, லைட்ட அணை" என்பது நினைவுக்கு வந்தது. எதிர்பாராமல் கண்ணீரும் வந்தது. உண்மையான கண்ணீர். வாட்ச்மேன் மரியாதையாக இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

அப்போது என் செல்போன் அடித்தது.

"தம்பி" என்றது டிரைவரின் குரல். மிகவும் தாழ்ந்த குரல். "அது நம்ம அண்ணன் இல்லீங்க."

திரும்பிப் பார்த்தேன். கேட் கம்பிகளுக்கு நடுவே போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அது ஒரு ஆயாவோடதுங்க. மவ வந்து பாத்துக்கும். அழுவாதீங்க, கண்ணத் தொடைங்க. அப்படியே நாலு தள்ளி வாங்க. சோத்தாங்கைப் பக்கம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தேன்.

"வரட்டும். வரட்டும். இன்னுங் கொஞ்சம். ஒடைச்சு இடதுல வாங்க. வரட்டும்... போதும், நிறுத்துங்க."

பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது இதையெல்லாம் கண்டக்டர் டிரைவருக்குச் சொல்வதுதான் வழக்கம். அப்பா எத்தனை ஆயிரம் தடவை இதை இவருக்குச் சொல்லியிருப்பார். நான் நின்ற இடத்தில் பார்த்தால் மேடு என்று சொல்லவே எதுவும் இல்லை. நீளவாக்கில் ஒரு சிறு வீக்கம். தலைமாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைச் சுண்ணாம்புக்கல்.

"வெளிச்சமா எதுவும் வெச்சா கண்ணுக்குத் தெரிஞ்சு எவனாச்சும் வளைச்சிருவான்னு ஒண்ணும் வெக்கலீங்க. அந்தக் கல்லு மட்டும் நான் போட்டது" என்றது போன்.

"யாருங்க சார் போன்ல?" என்றார் வாட்ச்மேன்.

"வூட்லேர்ந்து" என்றேன்.

"சமாதி இதுவா, அதுவா?"

"இதுதான். அது... தெரிஞ்சவங்க."

அவர் கல்லின் மேல் சிவப்புப் பெயிண்டால் நம்பர் எழுதினார். உரிமை இல்லாதவர் வழிகாட்ட, உரிமை உள்ளவன் போய்ச் சேர்ந்து, அந்த உரிமையைக் கொண்டு வழிகாட்டியவருக்கு அனுமதி கொடுக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில்கூட இவ்வளவு சுத்தமாக ஒரு கோப்பு சுற்றியதில்லை.

கேட்டுக்கு வந்து, வாட்ச்மேன் கொடுத்த படிவத்தில் கடிதம் எழுத உட்கார்ந்தேன். உறவுமுறை என்று ஒரு கட்டம் இருந்தது.

"டிரைவர்னு எழுதட்டுமா?"

"அதெல்லாம் உறவு இல்லீங்களே சார்."

"நண்பர்?"

வாட்ச்மேன் உதட்டைப் பிதுக்கினார். "நண்பர்னு எழுதிட்டு வந்தவங்கதான் சார் இங்க பாட்டில் போட்டது பூரா. ஆபீஸ்ல அந்தப் பேரைப் பாத்தாலே அடிச்சுடறாங்க."

டிரைவர் எங்கள் பேச்சில் சம்பந்தமில்லாதவர்போல அரளியில் வாடிய பூக்களைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நான் கட்டத்தில் "தம்பி" என்று எழுதினேன். நாற்பது வருடம் ஒரு முறை சொல்லாமல் சாமர்த்தியமாகத் தப்பித்தவன், அரசாங்கத் தாளில் என் கையெழுத்தோடு எனக்கு ஒரு சித்தப்பாவை உண்டாக்கிக்கொண்டேன். அந்த எரிச்சலில்தான் அடுத்த வரி வந்திருக்க வேண்டும். கீழே ஒரு நிபந்தனை சேர்த்தேன்: இவர் புதன்கிழமைகளில் வரலாம்.

"ஞாயித்துக்கெழம நான் வரேன்" என்றேன் அவரிடம். "உங்களுக்குப் புதன்."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "நீங்க வந்தா அண்ணனுக்குச் சந்தோசந்தான் தம்பி. புதனே வரேன்" என்றார். அரளிக்கொத்தை என்னிடம் கொடுத்தார். "இதை மட்டும் வெச்சுட்டு வந்துருங்க."

சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு உரிமையோடு போனேன். நோட்டில் கையெழுத்துப் போட்டேன், உள்ளே போனேன், கல்லின் முன்னால் நின்றேன். சாப்பிட்டீர்களா என்று கேட்பது பொருத்தமாக இல்லை. கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு சிமெண்டு லாரி ரோட்டில் போனது, அதைப் பார்த்தேன். இன்னொன்று வருமா என்று பார்த்தேன். வெளியே வந்து நேரம் குறித்தபோது ஆறு நிமிடம் ஆகியிருந்தது. மேல் வரியில் டிரைவரின் புதன்கிழமை இருந்தது. வந்த நேரம் ஏழு. போன நேரம் எட்டரை.

ஒன்றரை மணிநேரம் அந்தக் கல்லிடம் என்ன பேசுவார்?

அதற்கடுத்த ஞாயிறு இருபது நிமிடம் தாக்குப்பிடித்தேன். அதற்கடுத்து முப்பத்தைந்து. பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, வெயிலில் நின்று, வாட்சைப் பார்த்துக்கொண்டு அப்பாவுக்கு அஞ்சலி செலுத்தினேன். நான்காவது ஞாயிறு வாட்ச்மேன், "டிரைவரய்யாவுக்குத்தான் சிரமம்" என்றார். "ஞாயித்துக்கெழமன்னா மவன் வண்டியில கொண்டாந்து வுடுவாப்ல. புதன்னா ரெண்டு பஸ் மாறி வராரு. முட்டி வேற ஒத்துழைக்கல. உக்காந்தா எந்திரிக்க நான்தான் கை குடுக்கறேன்."

அன்று ஒன்றரை மணிநேரம் இருந்தேன். முக்கால்வாசி நேரம் அப்பாவிடம் பேசினேன். வாழ்நாளில் அவரோடு நான் நடத்திய மிக நீளமான பேச்சு அது. முழுக்க அந்த டிரைவரைப் பற்றிய புகார். உங்க ஆளு சண்டை போட மாட்டேங்கறாரு. உங்க ஆளு முட்டியோட ரெண்டு பஸ் மாறி வந்து என்னை மானங்கெடுத்தறாரு. அந்த எஞ்சின் மூடி மேல சாஞ்சுக்கிட்டு அப்படி என்னதான் சிரிச்சீங்க. கேள்வி கேட்டு நிறுத்தினேன். பதிலுக்குப் பழைய பாணியில் மௌனம். இந்த உலகத்தில் அதற்குப் பதில் தெரிந்தவர் ஒருவர்தான், அவரைப் புதன்கிழமைக்குத் தள்ளிவிட்டிருந்தேன்.

விக்கிரமங்கலத்தில் அக்கா வீட்டில் இருக்கிற அம்மாவுக்குப் போன் செய்து ஆதரவு தேடினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "நானே அந்த மனுசனைப் பங்கு போட்டுக்கிட்டுத்தான்டா குடும்பம் நடத்தினேன். உனக்கு ஞாயித்துக்கெழம முழுசா வேணுமாக்கும்."

"அப்படி இல்லம்மா."

"எப்படி இல்ல? போயி அந்த லெட்டரைக் கிழிச்சுட்டு வேற எழுது."

எழுதினேன். கிழமை எதுவும் போடவில்லை. பிறகு அவருக்குப் போன் செய்தேன்.

"ஞாயித்துக்கெழமையே வாங்க."

"அப்ப நீங்க தம்பி?"

"நானுந்தான் வரேன்."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போலாங்களா? ரூல்ல இருக்கா?" என்றார்.

"இருக்கு" என்றேன். பார்த்துத்தான் சொன்னேன்.

ஞாயிறு காலையில் அவர் மகன் வண்டியில் கொண்டுவந்து விட்டுப்போனான். இருவரும் உள்ளே போனோம். அவர் கல்லின் ஓரத்தில் துண்டை விரித்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி உட்கார்ந்தார். நான் எதிர்ப்புறம் உட்கார்ந்தேன். அவர் தொண்டையைச் செருமினார். அந்த ஒன்றரை மணிநேரத்தை இனி எதிரிலேயே உட்கார்ந்து பார்க்கப்போகிறேன்.

"அண்ணே, தம்பி வந்திருக்காப்ல" என்று ஆரம்பித்தார். பிறகு நேரே ரூட்டுக்கு வந்துவிட்டார். டோல்கேட்டில் யாரோ பெரிய மனிதர் காரை நிறுத்திச் சண்டை போட்டது. மக்காச்சோளம் விலை. நம் பஸ் ஓடிய நேரத்தில் இப்போது ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டரே கிடையாது, டிரைவரே டிக்கெட்டும் கொடுக்கிறான். "யார்கிட்டண்ணே பேசிக்கிட்டு ஓட்டுவான் அவன்?" என்று கல்லைப் பார்த்துக் கேட்டார். பதில் வந்ததுபோல் தலையை ஆட்டினார். சிரித்தார். அப்பாவும் சிரித்திருப்பார் என்பதில் சந்தேகமே இல்லை. நான் மட்டும் மறுபடியும் கடைசி சீட்டுப் பயணி.

இருந்தாலும் எழுந்து போகவில்லை. பேச்சில் ஓர் இடைவெளி வரட்டும், அந்தப் பேரளிச் சிரிப்பைப் பற்றிக் கேட்டுவிடலாம் என்று நகர்ந்து, இன்னும் வசதியாகச் சம்மணம் போட்டேன்.

அவர் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அண்ணன் காலு அங்கதான் இருக்கு."

தள்ளி உட்கார்ந்தேன்.